‘வித்’ என்ற சொல்லில் நான் விட்ட பிழை

முப்பத்தொரு வருடம் நான் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகு, கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையின் ஒரு பக்கத்தைப் பலகையால் மறித்து, ஒரு மேசையும் மூன்று கதிரைகளும் ஒரு அலுமாரியும் போட்டு அதைக் கந்தோராக்கிக்கொண்டேன். கேற்றடியில் ‘சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்’ என்று ஒரு பலகை தொங்குகிறது. பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உறுதி, பொலிஸ் முறைப்பாடு என்று எது வந்தாலும் ஆங்கிலமாக்கி, கீழே கையெழுத்து வைத்து, முத்திரை குத்திக் கொடுப்பேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் விசாவுக்காக வருகிறவர்கள்தான்.

என் மொழிபெயர்ப்பில் பிழை என்று அந்த முப்பத்தொரு வருடத்தில் எந்தச் சட்டத்தரணியும் எழுந்து சொன்னதில்லை. இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். தேவைக்கு அதிகமாகவே சொல்லியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

மூன்று வருடங்களுக்கு முன்னர், ஒரு பங்குனி மாத முற்பகலில், குருநகரிலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபதை நெருங்கிய வயது. வெள்ளைச் சேலை, தோளில் ஒரு கறுப்புப் பை. வந்து உட்கார்ந்ததும் பையை மடியில் வைத்து இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்துக்கொண்டார். அந்தக் கைகளைக் கண்டவுடனே என் மனைவிக்கு ஆளை விளங்கிவிட்டது.

“மிஸியல்லோ? எங்கடை பெரியண்ணையின்ரை மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்த்தது நீங்கள்தானே?”

“ஓம், பார்த்திருப்பன்,” என்று அவர் சிரித்தார். “முகம் மறந்துபோகும். பிள்ளையின்ரை நிறையைச் சொன்னா ஞாபகம் வரும்.”

அவர் ஓய்வு பெற்ற மருத்துவிச்சி. எங்கள் பக்கத்தில் தாதிமாரையும் மருத்துவிச்சிமாரையும் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். கடற்தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணம் செய்யவில்லை. தேவாலயத்துக்குப் பின்பக்கத் தெருவில் தனியாக இருக்கிறார்.

அவருக்கு வேண்டியது ஒரு கடிதம். இங்கிலாந்தில் இருக்கும் அண்ணனுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பேச்சும் குழறுகிறது. அண்ணனின் மனைவி ஊர் ஆட்கள் மூலம் இவருடைய தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்து, ‘தங்கச்சியைக் கூப்பிடு, தங்கச்சியைக் கூப்பிடு எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறார்’ என்று அழுதிருக்கிறார். இவர் போய்ப் பார்க்க விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதில் ஒரு சிக்கல். அண்ணனும் தங்கையும் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பேசியதே இல்லை. கடிதம் இல்லை, படம் இல்லை, தொலைபேசி இல்லை. இப்படி ஒரு உறவை எந்த விசா அதிகாரி நம்புவார்? ஆகவே ஏன் பேசாமல் இருந்தோம் என்பதை ஒரு வாக்குமூலமாக எழுதிச் சேர்க்கும்படி யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள்.

“சொல்லுங்கோ மிஸி, நான் எழுதுறன்,” என்றேன்.

அவர் சொன்னதை நான் சுருக்கமாகச் சொல்கிறேன். போரால் யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் வெளியேறிய பெரிய இடப்பெயர்வின்போது அவர்கள் மூவரும், தாய், அண்ணன், இவர், தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள். தகப்பன் முன்னரே கடலோடு போய்விட்டார். அண்ணன் மன்னார்ப் பக்கம் போய், அங்கிருந்து படகில் இந்தியாவுக்குப் போக ஒழுங்கு செய்துகொண்டு வந்தார். மூன்று பேருக்கும் இடம் இருந்தது. இவர் வரமாட்டேன் என்றுவிட்டார். அப்போதுதான் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்த காலம். அந்தப் பள்ளிக்கூடத்தில் மூன்று பெண்கள் நிறைமாதமாக இருந்தார்கள். அவர்களைப் பார்க்க வேறு ஆள் இல்லை. தாயும், மகள் நின்றால் நானும் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டார். அண்ணன் கத்திப்போட்டுத் தனியே போனார். அந்த மாரியில் தாய் காய்ச்சல் வந்து அங்கேயே இறந்தார். செய்தி கிடைத்து அண்ணன் இந்தியாவிலிருந்து ஒரேயொரு வரியில் கடிதம் போட்டார்: ‘அம்மாவை மறித்தவள் நீ.’ அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

இதையெல்லாம் அவர் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். நானும் தாளில் குறித்துக்கொண்டேன். ஆனால் வாக்குமூலம் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும் என்று நானே ஒரு விதி வைத்திருந்தேன். நீண்டால் அதிகாரிகள் வாசிக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். ஆகவே, “சுருக்கமா ஒருக்கால் சொல்லுங்கோ,” என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“சண்டைக் காலத்திலை அண்ணையோடை சண்டை பிடிச்சனான் ஐயா. அதோடை பிரிஞ்சிட்டம். பிறகு கதை பேச்சு இல்லை.”

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. அதை நான் ஆங்கிலத்தில் எழுதினேன். ‘டியூரிங் த வோர், ஐ ஃபோட் வித் மை பிறதர்.’ பிறகு பிரிந்தோம் என்று அடுத்த வசனம். சொல்லுக்குச் சொல் சரியாக இருந்தது. அடியில் முத்திரை குத்தினேன். அன்று பின்னேரம் எனக்கு நல்லூரில் ஒரு கல்யாண வீட்டு அலுவல் இருந்தது. வழமையாக, எழுதியதைத் தமிழில் திரும்ப வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவேன். அன்று அதைச் செய்யவில்லை. மிஸியும் கேட்கவில்லை. என்னை நம்பிக் கையெழுத்து வைத்தார்.

ஐந்து கிழமை கழித்து அவர் திரும்பி வந்தார். காலை எட்டு மணிகூட ஆகவில்லை. நான் இன்னும் சாரத்தோடு பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன். அவர் கையில் ஒரு தாள். விண்ணப்பத்தை இணையத்தில் போட்டுக் கொடுத்த கடைக்கு வந்த மின்னஞ்சலை அங்கே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.

“கடைக்காரத் தம்பி வாசிச்சுப்போட்டு ஒண்டும் சொல்லேல்லை. மடிச்சுத் தந்துபோட்டு, போய் எழுதினவரிட்டையே கேளுங்கோ எண்டு சொல்லிப்போட்டான்,” என்றார்.

நின்றபடியே வாசித்தேன். கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. யுத்த காலத்தில் உங்கள் சகோதரருடன் சேர்ந்து போரிட்டதாக உங்கள் வாக்குமூலத்தில் கூறியிருக்கிறீர்கள். எந்த அமைப்பில் போரிட்டீர்கள், எந்தக் காலப்பகுதியில், உங்கள் பொறுப்பு என்ன, உங்கள் சகோதரரின் பொறுப்பு என்ன, எப்போது அதிலிருந்து பிரிந்தீர்கள்? பத்து நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

தண்ணீர்க் குழாயை எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. மனைவி பிறகு வந்து பூட்டியிருக்கிறாள். முற்றம் முழுக்கச் சேறு.

உள்ளே போய் அலுமாரியிலிருந்து என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அந்த வசனம் அப்படியே இருந்தது. அண்ணனுக்கு எதிராகச் சண்டை போட்டதையும் அந்த வசனம் சொல்லும். அண்ணனும் இவரும் தோளோடு தோள் நின்று யாரோ ஒருவருக்கு எதிராகச் சண்டை போட்டதையும் அதே வசனம் சொல்லும். முன்னால் ‘யுத்த காலத்தில்’ என்ற சொல் நின்றதால், எங்கோ ஒரு மேசையில் இருந்து வாசித்த ஒரு மனிதருக்கு இரண்டாவதுதான் விளங்கியிருக்கிறது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் வாசித்திருப்பேன்.

கடிதத்தில் என்ன இருக்கிறது என்று மிஸிக்குச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. கை மட்டும் பையை இறுக்கிப் பிடித்தது.

“அண்ணைக்கு அங்கை ஏதும் பிரச்சினை வருமோ ஐயா?”

“வராது. வரவிடக்கூடாது.”

“அவர் படுக்கையிலை கிடக்கிறார்,” என்றார். பிறகு, “நான் பிழையாச் சொன்னனானோ?” என்று கேட்டார்.

“இல்லை மிஸி. நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள். அந்த ‘வித்’ எண்ட இங்கிலீஸ் சொல்லுக்கு ரெண்டு முகம் இருக்கு.”

இதுதான் நான் அன்று சொன்ன பதில். பிழை சொல்லின் மேல் போனது. என் மேல் வரவில்லை. நாளைக்கு வாருங்கள், விளக்கக் கடிதம் எழுதி வைக்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அன்று முழுக்க இருந்து எழுதினேன். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன் தன் முத்திரைக்குக் கீழே பிழை விட்டேன் என்று எழுதிக்கொடுத்தால், பிறகு அந்த முத்திரைக்கு என்ன மதிப்பு? இந்தப் பயம்தான் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்தது. எழுதி முடித்த கடிதத்தில், விண்ணப்பதாரர் வாய்மொழியாகக் கூறியபோது தெளிவின்றிக் கூறியதால் இந்தத் தவறான விளக்கம் ஏற்பட்டது என்று ஒரு வசனம் இருந்தது. நல்ல ஆங்கிலம். எந்த நீதிமன்றத்திலும் நிற்கும்.

மறுநாள் மிஸி வந்ததும் இந்தமுறை ஒவ்வொரு வசனமாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அந்த வசனம் வந்தபோது என் குரல் தானாகவே வேகமாகப் போனது. அவர் அதைப் பிடித்துவிட்டார்.

“ஐயா, அதை ஒருக்கால் திருப்பி வாசியுங்கோ.”

வாசித்தேன்.

“நான் தெளிவாச் சொன்னதெண்டுதான் நினைச்சன். அண்டைக்கு உங்களுக்கு விளங்கினதுதானே?”

“விளங்கினது.”

அவர் அந்தத் தாளை ஒருமுறை பார்த்தார். பிறகு, “பறவாயில்லை. உப்பிடி எழுதினாத்தான் விசா வருமெண்டா எழுதுங்கோ. எனக்கு அண்ணையைப் பார்த்தாக் காணும்,” என்றார்.

அவர் கோபித்திருந்தால் நான் வாதாடியிருப்பேன். முப்பத்தொரு வருடம் வாதாடுகிறவர்களுக்கு நடுவில் நின்று பழகியவன். அவர் அப்படிச் சொன்ன பிறகு எனக்கு வாதாட ஒன்றும் இருக்கவில்லை. தேநீரோடு வந்த மனைவி கதவடியில் நின்று இவ்வளவையும் கேட்டிருக்கிறாள். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, “இஞ்சாருங்கோ, பிழை விட்டது நான்தான் எண்டு எழுதினா என்ன, கை முறிஞ்சிடுமே?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன். “மிஸி, ஒரு மணித்தியாலம் இருங்கோ. வேறை எழுதுறன்,” என்றேன்.

பிழையை ஒப்புக்கொள்வதென்றால் அதையாவது சரியாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று, அலுமாரியின் அடித்தட்டிலிருந்து பெரிய அகராதியை எடுத்தேன். சொற்களின் பிறப்பைச் சொல்லும் பழைய அகராதி. நீதிமன்ற நூலகத்தில் கழித்துவிட்டபோது வாங்கிவந்தது. ‘வித்’ போன்ற ஒரு சொல்லை யார் அகராதியில் தேடுவார்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். நான் என் வாழ்நாளில் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை.

திறந்து பார்த்தால், அந்தச் சொல் பிறக்கும்போது அதற்கு ‘உடன்’ என்ற பொருளே பெரிதாக இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது ‘எதிராக’ என்றுதான் முதலில் நின்றிருக்கிறது. எதிர்த்து நிற்பதற்கு ‘வித்ஸ்ராண்ட்’ என்கிறோமே, கொடுக்காமல் பிடித்து வைப்பதற்கு ‘வித்ஹோல்ட்’, பின்வாங்குவதற்கு ‘வித்ட்றோ’, இவற்றிலெல்லாம் இருப்பது அந்தப் பழைய ‘வித்’தான். வழக்கு வழக்காக இந்தச் சொற்களை எழுதியிருக்கிறேன். உள்ளே யார் இருக்கிறார் என்று பார்த்ததில்லை. ஒருவரோடு மோதுகிறவர் அவருக்குப் பக்கத்தில்தானே நிற்க வேண்டும். அப்படி எதிரில் நிற்பது மெல்ல மெல்ல அருகில் நிற்பதாகி, பிறகு சேர்ந்து நிற்பதாகிவிட்டது போலும். மொழியறிஞர்கள் வேறு காரணங்களும் சொல்கிறார்கள். எனக்கு அன்று இது போதுமாக இருந்தது.

நான் வாசிக்க வாசிக்க மிஸி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சொன்னேன்.

“அப்ப அவையள் ‘உடன்’ எண்டதுக்கு முந்தி என்ன சொன்னவை?” என்று கேட்டார். நல்ல கேள்வி. தேடினேன். அதற்கு ‘மிட்’ என்று வேறொரு சொல் இருந்திருக்கிறது. ‘வித்’ வளர்ந்து அதன் வேலையையும் எடுத்துக்கொண்டதும் ‘மிட்’ வழக்கொழிந்துபோனது. எஞ்சியிருப்பது மிகச் சில இடங்களில். அதில் ஒன்றை வாசித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன்.

“மிஸி, உங்கடை வேலைக்கு இங்கிலீசிலை என்ன பேர்?”

“மிட்வைஃப்.”

“அதிலை இருக்கிற மிட் அந்த மிட்தான். வைஃப் எண்டா அந்தக் காலத்திலை பெம்பிளை. பிள்ளை பெறுகிறவவோடை கூட இருக்கிற பெம்பிளை. அதுதான் அர்த்தம்.”

அவர் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தது போல இருந்தது.

“அப்ப அந்தப் பேரை வைச்சவைக்கு வேலை தெரிஞ்சிருக்கு,” என்றார். “மருந்து, கத்தரிக்கோல் எல்லாம் பிறகு. பாதி வேலை பக்கத்திலை நிக்கிறதுதான்.”

எங்கள் மகள் ஜேர்மனியில் இருக்கிறாள். அந்தக் கிழமை தொலைபேசியில் இதைச் சொன்னபோது, “அப்பா, இஞ்சை இப்பவும் ‘மிற்’ எண்டுதான் சொல்லுறது,” என்றாள். ஆங்கிலேயர் தொலைத்ததை ஜேர்மன்காரர் வைத்திருக்கிறார்கள். என் பேரப்பிள்ளை ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லும் சொல் அது.

தமிழையும் யோசித்துப் பார்த்தேன். நாங்கள் மட்டும் என்ன திறமோ? ‘அவரோடை கோவம்’ என்கிறோம். ‘அவரோடை இருக்கிறன்’ என்றும் சொல்கிறோம். ஒரே ‘ஓடு’தான் இரண்டுக்கும். அதைக் கேட்டு நாங்கள் ஒருபோதும் குழம்புவதில்லை. சொல்பவரின் முகம் எதிரில் இருக்கிறது. அந்த முகத்தை நான் தாளில் வைக்காமல் விட்டுவிட்டேன்.

புதுக் கடிதத்தில், பிழை முழுவதும் என்னுடையது, விண்ணப்பதாரர் தமிழில் கூறியது எவ்வித ஐயத்துக்கும் இடமற்றது, பிணங்கினார் என்று எழுத வேண்டிய இடத்தில் இந்தச் சொல்லைப் போட்டேன், அவர் ஒருபோதும் ஆயுதம் ஏந்தியவர் அல்லர் என்று எழுதினேன். கீழே முத்திரை. குத்தும்போது கை முறியவில்லை.

ஆனால் என் சொல் மட்டும் போதுமா என்று பயமாக இருந்தது. அந்த நாட்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கு வேறொருவர் சாட்சி சொன்னால் நல்லது. “அந்தப் பள்ளிக்கூடத்திலை பிள்ளை பெத்த ஆரும் இப்ப இஞ்சை இருக்கினமோ?” என்று கேட்டேன்.

ஒருவர் இருந்தார். வட்டுக்கோட்டைப் பக்கம், தோட்டக்காரக் குடும்பம். மிஸி அவரைப் பார்த்துப் பல வருடம். மறுநாள் நானும் மிஸியும் பேருந்தில் போனோம். பழைய கல்லூரியைத் தாண்டி இறங்கி, வெங்காயப் பாத்திகளுக்கு நடுவே நடந்து போய்ப் படலையில் கூப்பிட்டபோது, உள்ளேயிருந்து வந்த பெண் கையில் இருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து மிஸியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஐம்பது வயதிருக்கும்.

வந்த காரியத்தை நான் சொன்னேன். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மிஸியைப் பார்த்துச் சொன்னார்:

“உங்கடை அண்ணை பள்ளிக்கூட வாசல்லை நிண்டு கத்தினது எனக்குக் கேட்டது அக்கா. நான் யன்னலுக்குப் பக்கத்திலை படுத்திருந்தனான். எனக்காகத்தான் நீங்கள் நிக்கிறீங்கள் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். பிறகு உங்கடை அம்மா செத்தாப் பிறகு உங்கடை முகத்தைப் பார்க்கவே ஏலாமல் போட்டுது. அதுதான் நான் வந்து பார்க்கிறேல்லை.”

மிஸி, “விசர்க் கதை கதையாதை பிள்ளை,” என்றார். ஆனால் கையை விடவில்லை.

அந்தப் பெண் சொல்ல நான் எழுதினேன். இந்தமுறை ஒரு பக்கம் என்ற விதி இல்லை. நான்கு பக்கம் வந்தது. மழை ஒழுகிய வகுப்பறை. பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்குகளைச் சேர்த்துப் போட்டுக் கட்டிய கட்டில். சேலையால் மறைப்பு. மிஸியின் தாய் வெந்நீர் வைத்துக் கொடுத்தது. பிறந்த பிள்ளையை முதலில் கையில் வாங்கியது அந்தத் தாய்தான். பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது, பெற்றவள் தன் பிள்ளையைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் கிடத்தியிருக்கிறாள். ‘என்ரை மகனும் இப்பிடித்தான் கையை மடக்கிக்கொண்டு நித்திரை கொள்ளுவான்’ என்று மிஸியின் தாய் சொல்லியிருக்கிறார். கடைசி மூன்று நாளும் மிஸி தாயை விட்டு எழும்பவில்லை. இறந்தது விடியற்காலையில். வலி இருக்கவில்லை. மகனைக் குறை சொல்லவில்லை. அவன் போய்ச் சேர்ந்திருப்பான், நல்லாயிருப்பான் என்றுதான் சொன்னார்.

இவ்வளவும் மிஸி அன்று என்னிடம் சொல்லாதவை. நான் கேட்கவும் இல்லை.

திரும்பி வரும்போது, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, ஒரு பை நிறைய வெங்காயமும் கத்தரிக்காயும் கட்டித் தந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பிறந்த பிள்ளை, இப்போது இளைஞர், பக்கத்துப் பாடசாலையில் ஆசிரியர் என்று படத்தைக் காட்டினார்கள். பிறந்த இடம் என்று அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரைப் போட்ட அவருடைய பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் தந்தார்கள். அதையும் ஆங்கிலமாக்கிச் சேர்த்தேன். இரவல் வாங்கிய இரண்டாவது காதைப் போல மனைவியும் ஒவ்வொரு வசனத்தையும் கேட்டாள். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். நான் தமிழில் திருப்பிச் சொல்ல, ‘உது சரி’, ‘உது விளங்கேல்லை’ என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ‘விளங்கேல்லை’ என்று அவள் சொன்ன மூன்று இடங்களிலும் எனக்குத்தான் விளங்காமல் இருந்தது.

பதில் அனுப்பி ஏழு கிழமை ஒரு சத்தமும் இல்லை. அந்த ஏழு கிழமையும் மிஸி ஒருமுறைகூட வந்து என்னைக் கேட்கவில்லை. நான்தான் இரண்டு தரம் குருநகருக்குப் போய், ஏதும் வந்ததோ என்று விசாரித்தேன். எட்டாவது கிழமை அவர் தொலைபேசி எடுத்தார்.

“ஐயா, விசா வந்திட்டுது. நீங்கள் சாப்பிட்டாச்சோ?”

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் ஆனி மாதம் போய் கார்த்திகையில் திரும்பி வந்தார். வந்து மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். அங்கு வாங்கிய ஒரு கம்பளிச் சட்டையைக் கொக்குவில் புழுக்கத்தில் என்னைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. அதன் பிறகுதான் நடந்ததைச் சொன்னார்.

முதல் இரண்டு நாளும் அண்ணன் இவரைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பேசவில்லை. பேச்சு குழறுவதால் கதைக்க வெட்கப்படுகிறார் என்று அண்ணி சமாதானம் சொல்லியிருக்கிறார். இவர் தன் பாட்டுக்கு அவருக்கு முகம் துடைத்து, கையை நீட்டி மடக்கி, கஞ்சி கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். மூன்றாம் நாள், வட்டுக்கோட்டைப் பெண்ணின் நான்கு பக்கத் தமிழ்ப் பிரதியை எடுத்து அவர் கையில் வைத்திருக்கிறார்.

“நான் வாயாலை சொன்னா நம்பமாட்டார் எண்டில்லை,” என்றார் மிஸி. “எனக்குத்தான் சொல்லத் தெரியேல்லை. அவள் வடிவாச் சொல்லியிருந்தவள்.”

அண்ணன் நல்ல கையால் தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்திருக்கிறார். வாசிக்க நீண்ட நேரம் எடுத்தது. முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் இன்னொருமுறை வாசித்தார். பிறகு, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாராம்.

“நீ அம்மாவோடை இருந்தனீ. நான் இருக்கேல்லை. அதுக்குத்தான் உன்னோடை கோவிச்சனான்.”

மிஸி இதைச் சொல்லும்போது அவர் கண்கள் காய்ந்துதான் இருந்தன. என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு அண்ணனும் தங்கையும் நன்றாகச் சண்டை பிடித்திருக்கிறார்கள். சோற்றில் உப்பு இல்லை என்று ஒரு நாள், யன்னலைத் திறந்து விடு என்று ஒரு நாள், தொலைக்காட்சியில் எந்தச் செய்தியைப் போடுவது என்று ஒரு நாள். கத்திக் கத்தித்தான் பேச்சே சீராகி வந்தது என்று அண்ணி சொல்லிச் சிரித்தாராம்.

நான் நிறையப் பேருக்கு நன்றி சொல்ல வேண்டியவன். கோபிக்காமல் எனக்கு முன்னால் இருந்த மிஸிக்கு. கதவடியில் நின்ற மனைவிக்கு. வட்டுக்கோட்டைப் பெண்ணுக்கு. யார் என்றே தெரியாத அந்த அதிகாரிக்கும்தான். அவர் நினைத்திருந்தால் மறுத்துவிட்டுப் போயிருக்கலாம். கேள்வி கேட்டார். அவர் கேட்டிராவிட்டால் நாங்கள் அந்த வெங்காயத் தோட்டத்துக்குப் போயிருக்கவே மாட்டோம். அந்த நான்கு பக்கமும் எழுதப்பட்டிருக்காது. பிழை விட்டதற்காக நான் பெருமைப்பட முடியாது. நடந்ததற்காக நன்றியோடு இருக்கலாம். இருக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரியாத இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மெதுவான, தடுமாறும் ஆண் குரல்.

“ஐயாவோ? நான் மிஸியின்ரை அண்ணை கதைக்கிறன்.”

“சொல்லுங்கோ, எப்பிடி இருக்கிறியள்?”

“பறவாயில்லை. இப்ப தடியைப் பிடிச்சுக்கொண்டு பஸ் நிக்கிற இடம் மட்டும் நடக்கிறன். உங்களுக்கு ஒருக்கால் நன்றி சொல்ல வேணும் எண்டு கனநாளா நினைச்சனான்.”

“நான் பிழை விட்டனான்,” என்றேன். “தங்கச்சி சொல்லியிருப்பா.”

“சொன்னவ, சொன்னவ,” என்றார். சிரிப்பது கேட்டது. அதோடு அதைவிட்டுவிட்டு, வட்டுக்கோட்டையில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் பேருந்தால் இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்டார். ஒரு கால் மைல் இருக்கும் என்றேன். வழியில் உட்கார இடம் உண்டா என்று கேட்டார். ஒரு மதகு இருக்கிறது, இருந்து ஆறிப் போகலாம் என்றேன். அப்படியென்றால் வருகிற வருடம் ஊருக்கு வந்து நடந்துவிடலாம் என்றார்.